ஹைட்ரஜன்: மீட்டர் காட்டும் கிலோ, சான்றிதழில் இருக்கும் ஐந்து ஒன்பது, எதை நம்புவது?

நிரப்புமுனை எழுதியது:

வணக்கம். ஃப்யூயல் செல்லில் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலம்) ஓடும் சில வண்டிகளின் பராமரிப்பு என் பொறுப்பு. இரண்டு விஷயம் மண்டையைக் குடைகிறது, ஒரே இழையில் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, டிஸ்பென்சர் (நிலையத்தில் வாயு நிரப்பும் கருவி) 5 கிலோ போட்டதாகக் காட்டும்போது, வண்டி டாங்கின் அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் வைத்து நாங்கள் போடும் கணக்கு 4.8 கிலோவைத் தாண்டுவதில்லை. எப்போதாவது என்றால் விட்டுவிடலாம், எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. இரண்டாவது, வாயு கொடுப்பவர்கள் தரும் சான்றிதழில் 99.999 சதவீதம் என்று இருக்கிறது, ஆனால் ஒரு வண்டியில் ஸ்டாக் (ஃப்யூயல் செல்களின் அடுக்கு) மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது. கேட்டால், "ஐந்து ஒன்பது சார், இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும், உங்கள் ஸ்டாக்கைப் பாருங்கள்" என்கிறார்கள்.

மீட்டர் பொய் சொல்கிறதா, சான்றிதழ் பொய் சொல்கிறதா? இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

ஓட்டைவாளி எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு குழப்பம். டாங்க் கொள்ளளவு தெரியும், அழுத்தம் தெரியும், வெப்பநிலை தெரியும். பள்ளியில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் போட்டால் முடிந்தது. 122 லிட்டர் டாங்க் என்று வைத்துக்கொண்டு 700 பார் அழுத்தத்தில் போட்டுப் பார்த்தேன், 7 கிலோவுக்கு மேல் வருகிறது. உங்களுக்கு 200 கிராம் இல்லை, 2 கிலோவே குறைகிறது சார் :)

துலாமுள் எழுதியது:

ஓட்டைவாளி, 700 பாரில் அந்தச் சமன்பாட்டை வைத்து பில் போட்டால் ஊர் சிரிக்கும். அந்த அழுத்தத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன, சமன்பாடு சொல்லும் அளவுக்கு உள்ளே அடங்காது. 15 டிகிரியில் 700 பார் என்றால் நீங்கள் போட்ட கணக்குப்படி லிட்டருக்கு 59 கிராம் வரும், உண்மையில் இருப்பது 40 கிராம்தான். அமுக்கத்தன்மைக் காரணி (வாயு அந்தச் சமன்பாட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் எண்) கிட்டத்தட்ட 1.46. அதைச் சேர்த்தால் 122 லிட்டருக்கு 4.9 கிலோ. 350 பாரில் லிட்டருக்கு 24 கிராம். அழுத்தம் பாதியானால் வாயுவும் பாதியாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது என்பதற்கு இதுவே போதும்.

நிரப்புமுனை, உங்கள் 4.8-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். எப்போது அளந்தீர்கள்? நிரப்பி முடித்த கையோடு என்றால் டாங்க் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். வாயு மைனஸ் 40 டிகிரி வரைக்கும் குளிர்ந்து வந்தாலும் டாங்குக்குள் அமுக்கப்படும்போது சூடாகும், அதனால்தான் 85 டிகிரி என்ற வரம்பே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சென்சார், அதுவும் ஒரு மூலையில். மேலே ஒரு வெப்பம், கீழே ஒரு வெப்பம். சென்சார் 10 டிகிரி கூடுதலாகக் காட்டினால் உங்கள் கணக்கில் கிலோ ஏறக்குறைய 2 சதவீதம் குறைந்துபோகும். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் வண்டியை நன்றாக ஆறவிட்டு எடுத்த அளவுகளா இவை?

நிரப்புமுனை எழுதியது:

நிரப்பியவுடன் எடுத்த அளவும் உண்டு, இரவு முழுக்க நிறுத்தி வைத்து எடுத்த அளவும் உண்டு. ஆறவிட்டு எடுத்தால் வித்தியாசம் குறைகிறது, ஆனால் போகவில்லை. இன்னொன்றும் கவனித்தோம். கொஞ்சமாக நிரப்பினால் சதவீத அளவில் வித்தியாசம் அதிகம், நிறைய நிரப்பினால் குறைவு.

துலாமுள் எழுதியது:

அந்தக் கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். கொஞ்சமாக நிரப்பும்போது பிழை விகிதம் கூடுகிறது என்றால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு வாயு எங்கோ தங்குகிறது என்று அர்த்தம். மீட்டர் சரியாகத்தான் எண்ணியிருக்கும். மீட்டரைத் தாண்டிய வாயு எல்லாம் உங்கள் டாங்குக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த டிஸ்பென்சர்களில் இருப்பது பெரும்பாலும் கோரியோலிஸ் மீட்டர். குழாயை அதிரவைத்து, அதன் வழியே ஓடும் நிறை அந்த அதிர்வை எவ்வளவு முறுக்குகிறது என்று பார்க்கும். அழுத்தம், வெப்பநிலை, அமுக்கத்தன்மை என்று கணக்குப் போடாமல் நேரடியாக நிறையைத் தரும் என்பதால்தான் இதை வைக்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் இதற்குச் சுலபமான வாயு இல்லை. அடர்த்தி குறைவு, குழாய்க்குள் அழுத்தம் மிக அதிகம் (குழாயே விறைத்துக்கொள்ளும்), ஓட்டம் பூஜ்யத்தில் தொடங்கி ஏறி மறுபடி இறங்கும், மைனஸ் 40 டிகிரிக் குளிரில் மீட்டரின் பூஜ்யப் புள்ளியே நகரும். இந்தக் குளிர்த் தொல்லை வேண்டாம் என்று பலர் மீட்டரைக் குளிர்விப்பானுக்கு முன்னால், வெதுவெதுப்பான பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். மீட்டருக்கு நல்லது. ஆனால் இப்போது மீட்டருக்கும் நாசிலுக்கும் (வண்டியில் மாட்டும் முனை) நடுவே குளிர்விப்பான், வால்வுகள், நீளமான குழாய், ஹோஸ் எல்லாம் வந்துவிட்டன.

அந்த நடுப்பகுதியின் கொள்ளளவு 1 லிட்டர் என்று வையுங்கள். நீங்கள் தொடங்கும்போது அது ஏறக்குறைய காலி, முடிக்கும்போது 700 பார். 40 கிராம் அங்கேயே நின்றுவிட்டது, குளிர்ந்த குழாயில் இன்னும் கொஞ்சம் கூட. மீட்டர் அதை எண்ணிவிட்டது. நீங்கள் 1 கிலோ நிரப்பினால் அது 4 சதவீதம், 5 கிலோ நிரப்பினால் 0.8 சதவீதம். அப்புறம் நாசிலைக் கழற்றுவதற்கு முன் ஹோஸில் உள்ளதை வெளியே விடுவார்கள், அந்த வாயுவும் உங்கள் கணக்கில் ஏறியிருந்தால் அது நேரடி நஷ்டம். ஒழுங்கான டிஸ்பென்சர் இந்த இரண்டையும் கணக்கிட்டுக் கழிக்கும். தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம், இடைப்பட்ட கொள்ளளவு மூன்றும் தெரிந்தால் போதும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் டிஸ்பென்சரில் அந்தத் திருத்தம் இருக்கிறதா, கொள்ளளவு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஈரக்காற்று எழுதியது:

ஒரு சந்தேகம். எனக்கு முன்னால் வந்தவர் 700 வரை நிரப்பிப் போய், குழாயில் அழுத்தம் அப்படியே நின்று, நான் 350-இல் நிறுத்தினால்? எனக்கு லாபமா?

துலாமுள் எழுதியது:

ஆமாம். அதே 1 லிட்டர் என்றால் 16 கிராம் உங்களுக்கு இலவசம், அவர் காசில். அதனால்தான் "மொத்தத்தில் சரியாகிவிடும்" என்று நிலையத்தார் சொல்வது. அவர்களுக்கு மொத்தத்தில் சரியாகலாம். தனித்தனி வாடிக்கையாளருக்கு ஆகாது.

ஓட்டைவாளி எழுதியது:

சரி, என் 2 கிலோவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதற்கெல்லாம் சட்டப்படி ஒரு வரம்பு இருக்குமே? பெட்ரோல் பங்கில் அளவு ஜாடி கொண்டுவந்து ஊற்றிப் பார்ப்பார்கள். இதை எதில் ஊற்றிப் பார்ப்பது?

துலாமுள் எழுதியது:

வரம்பு இருக்கிறது. ஓஐஎம்எல் (சர்வதேச சட்ட அளவியல் அமைப்பு) ஆர் 139 என்ற பரிந்துரை, 2018 பதிப்பில் ஹைட்ரஜனுக்கென்றே இரண்டு வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். வகுப்பு 2 என்றால் முதல் சரிபார்ப்பில் முழு அமைப்புக்கும் 2 சதவீதம், பயன்பாட்டில் இருக்கும்போது 3. வகுப்பு 4 என்றால் 4, அப்புறம் 5. திரவ எரிபொருளோடு ஒப்பிட்டால் தாராளம்தான், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. உங்கள் டிஸ்பென்சர் வகுப்பு 4 என்றால், நிரப்புமுனை, அந்த 200 கிராம் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும், புகார் கொடுத்தாலும் நிற்காது. முதலில் தகட்டில் எந்த வகுப்பு என்று பாருங்கள். ஒவ்வொரு நாட்டிலும் இதை எப்படிச் சட்டமாக்கியிருக்கிறார்கள் என்பது வேறு வேறு.

ஊற்றிப் பார்க்கும் ஜாடிக்குப் பதில் இங்கே தராசு. வண்டி டாங்கைப் போலவே ஒரு டாங்கைச் சட்டகத்தோடு துல்லியமான தராசில் ஏற்றி, டிஸ்பென்சரிலிருந்து நிரப்பி, முன் எடை பின் எடை எடுப்பார்கள். கேட்க எளிது. டாங்கும் சட்டகமும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல், அதில் 1 கிலோ வாயுவைக் கிராம் கணக்கில் அளக்கவேண்டும். மைனஸ் 40 டிகிரியில் வாயு வந்ததால் குழாய் இணைப்புகளில் பனி படியும். 10 கிராம் பனி போதும், 1 கிலோவில் 1 சதவீதப் பிழை. அதனால் பனி உருகி, ஈரம் காய்ந்து, எடை நிலைக்கும்வரை காத்திருக்கவேண்டும், அல்லது உலர்ந்த நைட்ரஜன் சூழலில் வைக்கவேண்டும். அப்புறம் காற்றின் மிதப்பு. அழுத்தம் ஏறினால் டாங்க் லேசாக உப்பும், 1 லிட்டர் உப்பினால் 1.2 கிராம் காற்றை இடம்பெயர்த்து எடை அந்த அளவு குறைந்து தெரியும். வெளியே காற்றடித்தால் தராசு நிற்காது, அதனால் மூடிய வண்டிக்குள் வைத்து, வாயுக் கசிவு சென்சார் எல்லாம் போட்டு... ஒரு நிலையத்தைச் சோதிக்க இப்படி ஒரு ஊர்வலம் வரவேண்டும். சுவிட்சர்லாந்தின் மெட்டாஸ் போன்ற தேசிய அளவியல் நிறுவனங்கள் இப்படிப்பட்ட கையடக்கம் இல்லாத "கையடக்கக்" கருவிகளைச் செய்து வைத்திருக்கின்றன.

இன்னொரு வழி, சரிபார்க்கப்பட்ட மாஸ்டர் மீட்டர் ஒன்றை நாசிலுக்கும் டாங்குக்கும் இடையே வைப்பது. வேகமாக முடியும். ஆனால் அதுவும் கோரியோலிஸ் என்றால் குளிரின் தொல்லை இரண்டு மீட்டருக்கும் பொது.

ஈரக்காற்று எழுதியது:

நாங்கள் கிலோவில் வாங்குவதில்லை, டிரெய்லரில் கனமீட்டரில் வாங்குகிறோம். அதில் ஒரு கூத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். "நார்மல் கனமீட்டர்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அது 0 டிகிரியா 20 டிகிரியா என்று யாரும் எழுதவில்லை. 0 டிகிரி என்றால் 1 கிலோவுக்கு 11.1 கனமீட்டர், 20 டிகிரி என்றால் 11.9. 7 சதவீத வித்தியாசம், எந்த மீட்டரும் கெட்டுப்போகாமலேயே. இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் கிலோ என்று மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

அளவைப் பற்றி துலாமுள் சொல்லிவிட்டார், சுத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வாயுப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் இருக்கிறேன்.

நிரப்புமுனை, முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 99.999 என்ற எண்ணை யாரும் அளப்பதில்லை. ஹைட்ரஜனை நேரடியாக அளந்து ஐந்தாவது இலக்கம் வரை சொல்லும் கருவி எங்கள் மேஜையில் கிடையாது. ஹைட்ரஜன் அல்லாதவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அளந்து, கூட்டி, நூறிலிருந்து கழிக்கிறோம். தேடாதது எதுவோ அது ஹைட்ரஜன் என்றே எண்ணப்படும். நைட்ரஜன், ஆக்சிஜன், ஈரம் மட்டும் பார்த்துவிட்டு ஐந்து ஒன்பது என்று எழுதினாலும் அது பொய் இல்லை, அவர்கள் தேடியவரை உண்மை.

ஃப்யூயல் செல் வண்டிகளுக்கான தரம் ஐஎஸ்ஓ 14687, கிரேடு டி. அதில் கேட்பது 99.97 சதவீதம்தான். உங்கள் ஐந்து ஒன்பதைவிடக் குறைவு. வேடிக்கை என்னவென்றால் ஐந்து ஒன்பது வாயு கிரேடு டி-யில் தோற்கலாம், 99.97 வாயு பாஸ் ஆகலாம். ஐந்து ஒன்பது என்றால் மொத்த அசுத்தம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து) வரை இருக்கலாம், அது எது என்று சொல்லவில்லை. அந்தப் பத்தும் கார்பன் மோனாக்சைடு என்றால்? கிரேடு டி-யில் அதற்கு வரம்பு 0.2 பிபிஎம். ஐம்பது மடங்கு. அதுவே 300 பிபிஎம் நைட்ரஜன் இருந்தால் பாஸ், ஏனென்றால் ஸ்டாக்கில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தை நைட்ரஜன் ஒன்றும் செய்யாது, சும்மா இடத்தை அடைக்கும்.

கந்தகம் இன்னும் மோசம். மொத்தக் கந்தகம் 0.004 பிபிஎம், அதாவது நூறு கோடி மூலக்கூறில் நான்கு. அம்மோனியா 0.1, ஃபார்மிக் அமிலம் 0.2, ஈரம் 5, ஆக்சிஜன் 5, கார்பன் டைஆக்சைடு 2, ஹாலஜன் சேர்மங்கள் 0.05. மீத்தேனுக்கு மட்டும் 2019 பதிப்பில் 100 என்று தனியாகத் தளர்த்தியிருக்கிறார்கள். துகள்கள் கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

நிரப்புமுனை எழுதியது:

இது யாரும் சொல்லாத விஷயம். சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். நைட்ரஜன், ஆக்சிஜன், ஈரம், மொத்த ஹைட்ரோகார்பன், இவ்வளவுதான் இருக்கிறது. கந்தகம், கார்பன் மோனாக்சைடு பற்றி ஒரு வரி இல்லை.

புகைபோக்கி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஹைட்ரஜனில் ஓடும் எஞ்சின், ஃப்யூயல் செல் இல்லை. எனக்கும் இவ்வளவு சுத்தம் தேவையா?

கண்ணாடிக்குடுவை எழுதியது:

எரிப்பதற்கு வேண்டாம். அதே 14687-இல் கிரேடு ஏ என்பது உள்ளெரி எஞ்சினுக்கும் பொருந்தும், 98 சதவீதம் போதும். உங்களிடம் பிளாட்டினம் இல்லை, விஷம் ஏற இடமும் இல்லை.

ஓட்டைவாளி எழுதியது:

ஒரே ஒரு கருவியை வைத்து இத்தனையும் பார்க்க முடியாதா? டிஸ்பென்சரிலேயே மாட்டிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

முடியாது. ஈரத்துக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் லேசர் முறைக் கருவிகள் இருக்கின்றன, குழியில் ஒளியை எதிரொலிக்கவிட்டு எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று பார்ப்பவை, அவற்றை நிலையத்திலேயே வைக்கலாம். நைட்ரஜன், ஆர்கான், ஆக்சிஜனுக்கு கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி). அதிலும் ஆர்கானும் ஆக்சிஜனும் சாதாரண வெப்பநிலையில் ஒன்றாகவே வெளியே வந்து தொலையும், பிரிப்பதற்குத் தனிப்பாடு. ஹீலியத்தைப் பார்க்கவேண்டும் என்றால் ஹீலியத்தையே கடத்து வாயுவாக (மாதிரியைக் கருவிக்குள் தள்ளிச்செல்லும் வாயு) வைத்த கருவி உதவாது. கந்தகத்துக்கு வாயுவைக் குளிரில் செறிவாக்கிவிட்டு அதற்கென்றே உள்ள உணர்கருவியில் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் 4 பிபிபி (நூறு கோடியில் நான்கு) கண்ணிலேயே படாது. ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா, ஹாலஜன் எல்லாம் வேறு வேறு வழி. முழுப் பட்டியலையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் ஆய்வகங்கள் உலகத்திலேயே குறைவு. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று.

அதனால் நடைமுறையில் வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் தேடுவார்கள், ஐஎஸ்ஓ 19880-8 அந்த வழியைத்தான் சொல்கிறது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு சீர்திருத்தி, பிஎஸ்ஏ படுகையில் (அழுத்தத்தை ஏற்றி இறக்கி அசுத்தங்களைப் பிடித்து நீக்கும் படுகை) சுத்தப்படுத்தியது என்றால் கார்பன் மோனாக்சைடைக் கண்காணி. படுகை சோர்ந்தால் கந்தகத்துக்கு முன்னால் இதுதான் தப்பி வரும், இது வரவில்லை என்றால் மற்ற பலவும் வரவில்லை என்று ஓரளவு நம்பலாம். நீரை மின்னாற்பகுத்தது என்றால் ஈரமும் ஆக்சிஜனும், அங்கே கார்பன் மோனாக்சைடு வரும் வழியே கிட்டத்தட்ட இல்லை. குளோர்-ஆல்கலி ஆலையின் (உப்புநீரிலிருந்து குளோரின் எடுக்கும் ஆலை) துணைப்பொருள் என்றால் குளோரின் சேர்மங்கள். பராமரிப்பு முடித்து, குழாயில் விட்ட நைட்ரஜனைச் சரியாக விரட்டாமல் திறந்துவிட்டால் அந்த நைட்ரஜன்.

துலாமுள் எழுதியது:

நைட்ரஜன் பற்றி ஒன்று. "சும்மா இடத்தை அடைக்கும்" என்றார் கண்ணாடிக்குடுவை, ஸ்டாக்குக்குச் சரி, பில்லுக்குச் சரியில்லை. 99.97 என்பது மூலக்கூறு எண்ணிக்கையில். மீட்டர் எண்ணுவது நிறையை. நைட்ரஜன் மூலக்கூறு ஹைட்ரஜனைவிட 14 மடங்கு கனம். 300 பிபிஎம் நைட்ரஜன் என்றால் நிறையில் 0.42 சதவீதம், கிலோவுக்கு 4 கிராம். ஆர்கான் என்றால் 6 கிராம். கோரியோலிஸ் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், எல்லாவற்றையும் ஹைட்ரஜன் என்றே பில் போடும். எல்லாம் தரத்துக்கு உட்பட்டே.

ஈரக்காற்று எழுதியது:

அடப்பாவிகளா.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

:) ஒத்துக்கொள்கிறேன்.

நிரப்புமுனைக்கு முக்கியமானது இதுதான்: சான்றிதழுக்கான மாதிரியை எங்கே எடுத்தார்கள்? ஆலை வாசலிலா, டிரெய்லரிலா, நாசிலிலா? ஆலையில் சுத்தமாக இருந்த வாயு கம்ப்ரசர், சேமிப்பு டாங்க், வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் கடந்து வருகிறது. கம்ப்ரசரில் வாயுவை எண்ணெயிலிருந்து பிரிக்கும் டயஃப்ரம் விரிசல் விட்டால் எண்ணெய், சீல், ரப்பர், கிரீஸிலிருந்து கந்தகம், அரைபட்ட உலோகத் துகள். வண்டி சாப்பிடுவது நாசிலில் வருவதை.

நாசிலில் எடுத்தாலும் எடுக்கும் விதம் இருக்கிறது. சாதாரண எஃகு உருளையில் பிபிபி அளவு கந்தகத்தைப் பிடித்தால் அது சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்துக்கு வந்து திறக்கும்போது வாயு பரம சுத்தம்! அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வரும், எல்லாருக்கும் சந்தோஷம். உள்பக்கம் சிலிக்கான் அடிப்படையிலான பூச்சு போட்டுச் செயலிழக்கச் செய்த உருளை வேண்டும், இணைக்கும் குழாயும் அப்படியே. நேர்மாறாக, இணைப்பைச் சரியாக விரட்டாமல் எடுத்தால் அறைக் காற்று உள்ளே போய் நைட்ரஜன், ஆக்சிஜன், ஈரம் மூன்றும் வரம்பைத் தாண்டும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வந்தால் எனக்கு முதல் சந்தேகம் மாதிரி எடுத்தவர் மேல்தான். ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரஜன் மட்டும் ஏறினால் நிலையத்தின் மேல்.

நிரப்புமுனை எழுதியது:

ஸ்டாக்கை வைத்தே எது விஷம் என்று ஊகிக்க முடியுமா? சோதனைக்கு அனுப்பும் முன் ஒரு திசை தெரிந்தால் நல்லது.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

ஓரளவு. கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தில் ஒட்டினாலும் சுத்தமான ஹைட்ரஜன் கொடுத்து ஓட்டினால் மெல்ல விட்டுவிடும், மின்னழுத்தம் ஏறும். கந்தகம் அப்படி விடாது, சுத்த வாயு கொடுத்தாலும் இறங்கிய இடத்திலேயே பெரும்பாலும் நிற்கும். அம்மோனியா பிளாட்டினத்தைவிட சவ்வைத்தான் பிடிக்கும், அதன் அமில இடங்களில் உட்கார்ந்து புரோட்டான் போவதைத் தடுக்கும், மீள நேரமாகும். ஆனால் சவ்வு காய்ந்தாலும், காற்றுப் பக்கத்து வடிகட்டி போனாலும், வயதானாலும் மின்னழுத்தம் இறங்கும் என்பதை மறக்கவேண்டாம், வாயு கொடுப்பவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கலாம். அதே நாசிலில் நிரப்பும் மற்ற வண்டிகள் எப்படி இருக்கின்றன?

நிரப்புமுனை எழுதியது:

மற்றவை பரவாயில்லை. இந்த வண்டி பெரும்பாலும் வேறொரு நிலையத்தில் நிரப்பியது, இப்போது பதிவேட்டைப் பார்த்ததும்தான் உறைக்கிறது. அப்போ மாதிரி எடுக்கவேண்டியது அங்கே.

அளவு விஷயத்தில் டிஸ்பென்சர் வகுப்பு, இடைப்பட்ட கொள்ளளவு, வெளியே விடும் வாயுவைக் கழிக்கிறார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுவிட்டேன். வாயுவுக்குக் கிரேடு டி முழுப் பட்டியல், நாசிலில் எடுத்த மாதிரி, எந்த வகை உருளை என்ற குறிப்போடு கேட்கப்போகிறேன். மாதிரி எடுக்க நாள் பார்க்கவேண்டுமா, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமா?

கண்ணாடிக்குடுவை எழுதியது:

புது டிரெய்லர் வந்து மாட்டுவதற்கு முன்னால் ஒன்று, மாட்டிய பின் ஒன்று. சேமிப்பு டாங்கில் இருப்பதா, கொண்டுவருவதா என்று பிரித்துப் பார்க்க அது ஒன்றுதான் வழி. அவர்கள் பராமரிப்பு முடித்த மறுநாள் மட்டும் எடுக்காதீர்கள், நைட்ரஜனைத் தவிர வேறொன்றும் தெரியாது. துகள் வடிகட்டியை அதே நாளில் தனியாக எடையெடுத்து மாட்டச் சொல்லுங்கள், வாயு உருளையில் துகள் வராது.